பாட்டியின் பச்சைப் புள்ளிகளும் விடுதியின் சீருடையும்

கேட்டவர் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றைச் சேர்ந்த படுகர் பெண், வயது 23. குன்னூரில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் ஐந்து மாதமாக வேலை பார்க்கிறார். அவருடைய பாட்டிக்கு, அந்தத் தலைமுறைப் படுகர் பெண்கள் பலருக்கும் இருப்பதுபோல, நெற்றியிலும் முன்கையிலும் பச்சை குத்திய புள்ளிகள் இருந்தன. பாட்டி இறந்த ஆண்டில் இவர் அதே புள்ளிகளைத் தம் வலது முன்கையின் உட்புறத்தில் குத்திக்கொண்டார். தினமும் ஒப்பனைப் பூச்சு தடவி அதை மறைத்துவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் முழுக்கை அணிய வேண்டும் என்கிறார் மேலாளர். மேசையில் தாய்மொழியான படுகு பேசக்கூடாது என்றும் உத்தரவு. "வேலைக்காக நான் எவ்வளவு மாறுவது? எந்த இடத்தில் போதும் என்று சொல்லலாம்?" என்று கேட்கிறார்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் புள்ளிகளை நீங்கள் பூசி மறைக்க வேண்டியதில்லை. படுகு விஷயத்தில் மட்டும் உங்கள் மேலாளர் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. இரண்டையும் ஏன் வேறுவேறாகப் பார்க்கிறேன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளம். 1996இல் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, பிறகு உதகையிலும் குன்னூரிலும் விடுதிகளின் பணியாளர் பிரிவில் நெடுங்காலம் இருந்தவள் நான். சீருடை விதிகளை எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் எழுதியதை அமல்படுத்தியும் இருக்கிறேன். அவற்றில் சிலவற்றை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

தொழிற்சாலையில் என்னோடு ஓர் அக்கா இருந்தார். ருசிபார்க்கும் அறையில் கோப்பைகளைத் தயார் செய்வது அவர் வேலை. நீண்ட மேடையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ரகத் தூள். தூளை அளந்து போட்டு, கொதிநீர் ஊற்றி, ஐந்தாறு நிமிடம் மூடிவைத்து வடிப்பார். ருசிபார்ப்பவர் கரண்டியில் எடுத்துச் சத்தம் எழ உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்புவார். அந்த அக்காவுக்கு மல்லிகை இல்லாமல் முடியாது. சத்தியமங்கலத்திலிருந்து மலையேறி வரும் பூவை என்ன விலை விற்றாலும் ஒரு முழம் வாங்கி வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார். தொழிற்சாலை வாசலுக்கு வந்ததும் பூவைக் கழற்றி, வாழையிலைத் துண்டில் சுற்றி, சைக்கிள் கொட்டகைச் சுவரில் இருந்த சிறிய மாடத்தில் வைத்துவிட்டு உள்ளே போவார். மாலையில் வேலை முடிந்து வெளியே வந்ததும் முதல் காரியம், அந்தப் பூ திரும்பத் தலையில் ஏறுவதுதான். தேயிலைத் தூள் பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் தனக்குள் இழுத்துக்கொள்ளும். குன்னூர் ஏலத்தில் ஒரு கிலோவுக்குக் கூடும் ஒரு ரூபாயும் குறையும் ஒரு ரூபாயும் ருசிபார்ப்பவரின் மூக்கையும் நாக்கையும் நம்பித்தான் இருக்கின்றன. அந்த அறைக்குள் மல்லிகைக்கு இடமில்லை. செண்ட் பூசிய மேலாளருக்கும் இடமில்லை. அக்காவுக்கு இது பறிப்பாகத் தோன்றியதே இல்லை. ஏன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, விதி மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது, பூ மாலையில் அவருக்கே திரும்பக் கிடைத்தது.

வேலையே கேட்கும் கட்டுப்பாடு என்று நான் சொல்வது இதைத்தான். தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. உருளைகள் ஓடும் இடத்தில் துப்பட்டா தொங்கக்கூடாது. சிக்கினால் கை போய்விடும். வெடிமருந்து கையாளும் இடத்தில் செயற்கை இழைத் துணி உடுத்தக்கூடாது, உரசலில் பொறி கிளம்பிவிடும். சமையலறையில் மோதிரமும் வளையலும் நகப்பூச்சும் கூடாது. இவற்றோடு மல்லுக்கு நிற்காதீர்கள். உங்கள் சுயம் எங்கும் போய்விடாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை செய்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்று 22ஆம் பிரிவில் சொன்னது. அந்த உடையை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்றும் அங்கேயே சொன்னது. இந்த இரண்டாவது பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் தடவும் அந்தப் பூச்சு யார் காசில் வாங்கியது?

இனி நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். உதகையில் நான் வேலை பார்த்த ஒரு விடுதியில் முன்மேசைப் பெண்களுக்குக் கரைபோட்ட மெல்லிய சேலைதான் சீருடை. அதன் மேல் ஸ்வெட்டர் அணியக்கூடாது. சேலையின் அழகு மறைந்துவிடும் என்பது தவிர வேறு காரணம் எழுத்தில் இல்லை. காலையில் பெண்களை வரிசையில் நிறுத்திக் கொண்டை, நகம், பெயர்ப்பட்டை, ஸ்வெட்டர் என்று சரிபார்த்தது நான்தான். உதகையில் டிசம்பர், ஜனவரி விடியல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகக் கிடக்கும், பூஜ்ஜியத்தைத் தொடும் நாட்களும் உண்டு.

அப்படி ஒரு விடியலில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. எல்லோரும் கம்பளிக் குல்லாயும் கையுறையுமாக நின்றார்கள். எங்கள் பெண் பதிவேட்டைத் திருப்பிப் பெயர் எழுதப் போனாள். விரல்கள் மடங்கவில்லை. பேனா நழுவியது. எடுத்தாள், மறுபடி நழுவியது. எதிரே நின்ற அம்மாள் ஒன்றும் பேசாமல் தம் கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் தொடவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், எடுத்துக்கொள்ளலாமா என்று.

அந்தப் பார்வைக்குப் பிறகு அந்த விதியை என்னால் சரிபார்க்க முடியவில்லை. பொது மேலாளரிடம் போனேன். தோட்டத் தொழிலாளிக்கு மழைக்கும் குளிருக்கும் கம்பளியும் குடையும் கொடுக்கச் செய்ய 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே வழிவைத்திருக்கிறது, கூரைக்குக் கீழே இருக்கிறாள் என்பதற்காக இவளுக்கு அதுவும் கிடையாதா என்று கேட்டேன். இரண்டு மாதம் இழுத்தார்கள். பிறகு சேலைக் கரையின் நிறத்திலேயே, எல்லோருக்கும் ஒரே வெட்டில், கருஞ்சிவப்பு ஸ்வெட்டர் நிர்வாகச் செலவில் வந்தது. முகப்பின் ஒழுங்கும் குலையவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தப் பெண்கள் நடுங்கியது எந்த விருந்தினருக்காகவும் இல்லை; யாரோ ஒருவருடைய ரசனைக்காக.

இதைப் படித்துவிட்டு, சீருடையே அடிமைத்தனம், ஆளுக்கு ஆள் விரும்பியதை உடுத்த விடுவதுதான் விடுதலை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. இன்னொரு இடத்தில், ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருக்கட்டும் என்று சனிக்கிழமைகளில் விருப்ப உடை என்று அறிவித்தோம். கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் தொடர்ந்து மூன்று சனிக்கிழமை விடுப்பு எடுத்தாள். மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் அவளுடையது; வளர்ந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில். அவளிடம் வெளியே உடுத்த இரண்டு சுடிதார்கள் இருந்தன. ஐந்து நாள் சீருடையில் எல்லோரையும்போல இருந்தவள், ஆறாவது நாளில் தன் வீட்டின் நிலையை உடம்பில் போட்டுக்கொண்டு வந்து நிற்க வேண்டியிருந்தது. "சீருடையில் இருக்கும்போது யாரும் என்னை எந்த லயம் என்று கேட்பதில்லை அக்கா" என்றாள். சொந்த உடையில் தன்னை வெளிப்படுத்திக்கொள்வதற்கும் காசு வேண்டும் என்பதை அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். சாதியை, வசதியை, ஊரை அளந்து பார்க்கும் கண்களிலிருந்து ஒரு சீருடை சிலரைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் சீருடை வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் நான் போவதே இல்லை. ஒவ்வொரு விதியாக எடுத்துவைத்துக்கொண்டு, இது இல்லாவிட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கிறேன்.

உங்கள் கைக்கு வருவோம். அந்தப் புள்ளிகள் தெரிவதால் அறைக் கணக்கு தவறிவிடுமா? உணவில் ஏதாவது விழுமா? விருந்தினர் யாருக்காவது காயம் படுமா? எதுவும் கிடையாது. "முன்மேசைக்கு ஒரு தோற்றம் வேண்டும்" என்பதுதான் மேலாளர் சொல்லக்கூடிய ஒரே காரணம். தோற்றத்தில் கண்டிப்புக்கு இந்த மலையில் ராணுவத்தை விஞ்ச யாரும் இல்லை. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணிவகுப்பைப் பார்த்திருப்பீர்கள். பொத்தானில்கூட ஒரு பிசகு இருக்காது. அந்த ராணுவத்தின் ஆள்சேர்ப்பு விதியே முன்கையின் உட்புறத்தில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, பச்சை குத்தியிருப்பதை அனுமதிக்கிறது. புறங்கையிலும் இருக்கலாம். வழிவழியாகப் பச்சை குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்கு உடலின் எந்தப் பகுதியிலும் அனுமதி உண்டு. படுகர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லாததால் இந்தக் கடைசிச் சலுகை உங்கள் சமூகத்துக்குப் பொருந்தாது. ஆனால் நீங்கள் குத்தியிருப்பது எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்ட அதே இடத்தில். துப்பாக்கி ஏந்தும் கைக்குப் பொருந்துவது அறைச்சாவி நீட்டும் கைக்குப் பொருந்தாதா என்று மேலாளரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

என்னை இதில் உண்மையாகவே வருத்துவது வேறொன்று. நம் விடுதிகள் பலவற்றின் முகப்புச் சுவரில், சிவப்பும் கறுப்பும் இழைத்த தோடர் பூத்தையல் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தையலின் பெருமையை விருந்தினருக்கு எடுத்துச் சொல்ல வரவேற்பு மேசையில் இருப்பவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். படுகர் நடனம் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை புல்வெளியில் ஏற்பாடு செய்து தருகிறார்கள். மலையின் அடையாளத்தை வைத்துத்தான் அறை விற்கிறது. அதே அடையாளம் அந்த மலையின் மகளுடைய கையில், விற்பனைக்கு இல்லாமல், சும்மா இருந்தால் மட்டும் பூசி மறைக்க வேண்டுமாம். இதை நான் ஏற்க மாட்டேன். உங்கள் பாட்டி அந்த நெற்றியோடுதான் சந்தைக்கும் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் போய் வந்திருப்பார். அப்போது மறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன், வீண் நம்பிக்கை தர விரும்பவில்லை. 2014இல் சென்னையில் ஒரு மனமகிழ் மன்றத்துக்கு (கிளப்) வேட்டி அணிந்து போன உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வாசலில் தடுக்கப்பட்டார். அதே ஆண்டில் வேட்டி அணிந்தவரைப் பொது இடங்களிலும் மன்றங்களிலும் நுழையவிடாமல் தடுக்கக்கூடாது என்று தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. ஆங்கிலேயர் காலத்துக் கோட்டும் டையும் ஊறிப்போன இந்த மலைக்கு அது தேவையான சட்டம்தான். ஆனால் அது உள்ளே வருபவருக்கானது, உள்ளே வேலை செய்பவருக்கானது இல்லை. 2019இல் தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு உடைநெறி அறிவித்தபோது சேலை, துப்பட்டாவோடு சுடிதார், ஆண்களுக்கு வேட்டி என்று இடம் கொடுத்தது. அதுவும் அரசு ஊழியர்களுக்கு மட்டும். உடையும் பேச்சும் நடையும் ஒருவரின் பாலின அடையாளத்தின் வெளிப்பாடு, அது அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தரும் உரிமைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் திருநர் உரிமை பற்றிய நால்சா வழக்கில் சொன்னது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் திருநர்களுக்கு வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று தனியார் நிறுவனங்களையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. உங்களோடு வேலை செய்யும் திருநங்கை யாருக்காவது உடை பற்றிய தொல்லை இருந்தால் இதைச் சொல்லுங்கள். புகாரைக் கவனிக்க நிறுவனத்தில் ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. உங்கள் நிலையில் இருப்பவருக்கு, தனியார் விடுதி ஒன்று பச்சை தெரியக்கூடாது என்று விதி வைத்தால் அதை நேரடியாகத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆகவே பேசித்தான் வெல்ல வேண்டும்.

படுகு பேசுவது பற்றி. விருந்தினர் ஒருவர் எதிரே நிற்கும்போது நீங்களும் பக்கத்து மேசைப் பெண்ணும் அவருக்குப் புரியாத மொழியில் பேசிக்கொண்டால், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவர் நினைப்பார். அறை மாறிவிட்டது, பில் தாமதம் என்ற செய்தியாகவே இருந்தாலும் அவர் மனம் சுருங்கும். அது தமிழாக இருந்தாலும் மலையாளமாக இருந்தாலும் அப்படித்தான். இதை மல்லிகைப் பூவைப்போல வேலையே கேட்கும் கட்டுப்பாடுகளோடு சேர்த்துவிடுங்கள். ஆனால் ஊழியர் உணவறையில், பணி மாறும் நேரத்தில், வீட்டுக்குப் பேசும் தொலைபேசியில், படுகர் குடும்பம் ஒன்றே விருந்தினராக வந்து நிற்கும்போது, படுகு பேசாதே என்று சொல்ல எந்த வேலைக் காரணமும் கிடையாது. 2011 கணக்கெடுப்பில் படுகு பேசுவதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 33 ஆயிரம் பேர்தான். அழியும் ஆபத்தில் இருக்கும் மொழிகளின் யுனெஸ்கோ பட்டியலில் அதுவும் இருக்கிறது. உணவறையில் நீங்கள் தோழியோடு படுகில் சிரித்துப் பேசுவதை யாரும் நிறுத்த விட்டுவிடாதீர்கள்.

எப்படிக் கேட்பது? முதலில் உங்கள் நியமனக் கடிதத்தைப் பாருங்கள். பயிற்சிக் காலம் ஆறு மாதம் என்றிருந்தால் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வேலை உறுதியாகும் வரை முழுக்கை அணிந்து போங்கள். இதில் தோல்வி ஒன்றும் இல்லை, குன்னூர்க் குளிரில் முழுக்கை யாருக்கும் இயல்பு. பூச்சு மட்டும் வேண்டாம். சட்டைக் கை துணிதான், வீட்டுக்கு வந்தால் மடித்து விட்டுக்கொள்ளலாம். பாட்டியின் புள்ளிகளைத் தினமும் காலையில் உங்கள் கையாலேயே பூசி அழித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவது மனத்துக்கு என்ன செய்யும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அதுபோல ஒரு பெண் தன் நெற்றித் திருநீற்றைப் பஸ் நிறுத்தத்தில் துடைத்துத் துடைத்து, கடைசியில் வீட்டிலேயே பூசுவதை விட்டுவிட்டாள்.

வேலை உறுதியானதும் தனியாகப் போகாதீர்கள். அறைப் பராமரிப்புப் பிரிவிலும் சமையலறையிலும் கையில் பிள்ளை பெயரையோ சிலுவையையோ பச்சை குத்திக்கொண்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களையும் கேளுங்கள். ஒருத்தியின் பிடிவாதம் என்று ஒதுக்கக்கூடிய விஷயம் ஐந்து பேர் கேட்டால் நிர்வாகக் கூட்டத்துக்குப் போகும். கோபமாக ஆரம்பிக்க வேண்டாம். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்பதால் சொல்கிறேன், விதியின் நகலைக் கேட்கும் அமைதியான கடிதத்துக்குத்தான் எங்களால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பாதி நேரம் அப்படி ஒரு விதியே எழுத்தில் இருக்காது. ஒரு மேலாளர் வாய்வழியாகச் சொன்னது அடுத்தவருக்கும் தொற்றியிருக்கும்.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, என் வலது முன்கையின் உட்புறத்தில் எங்கள் குடும்ப வழக்கப்படி ஐந்து சிறு புள்ளிகள் பச்சை குத்தப்பட்டிருக்கின்றன. அவற்றை மறைத்து வருமாறு வாய்மொழியாகக் கூறப்பட்டது. இதற்கான எழுத்து விதி இருந்தால் நகல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். விதி இல்லையெனில், மற்றச் சீருடை நெறிகள் அனைத்தையும் பின்பற்றி, புள்ளிகளை மறைக்காமல் பணியாற்ற அனுமதி வேண்டுகிறேன். விருந்தினர் முன்னிலையில் சக ஊழியரோடு அவர்களுக்குப் புரியும் மொழியிலேயே பேசுவேன். உணவறையிலும் ஓய்வு நேரத்திலும் தாய்மொழியில் பேசுவதற்குத் தடை இல்லை என்பதையும் தெளிவுபடுத்தக் கோருகிறேன்."

புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் சரியாக மாற்றிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் பணியாளர் பிரிவுக்கும் ஒரு பிரதி போகட்டும். தாளில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.